பழைய ஈயத்துக்கும் பித்தளைக்கும் விலை சொல்லப் பழகுதல்

கடை திறந்த முதல் மாதமே ஓர் உரப்பை நிறையப் "பித்தளை" வாங்கி நட்டப்பட்டவன் நான். எல்லாம் குரோம் பூசிப் பளபளத்த பழைய தண்ணீர்ப் பைப்புத் தலைகள். உடைத்த வீடொன்றிலிருந்து கழற்றியவை. கொண்டுவந்த தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வவுனியாவில் ஒரு பெரிய வியாபாரி அரத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் ஓர் இழுப்பு இழுத்தார். மஞ்சள் தெரிந்தவை ஒரு பக்கம் போயின, வெள்ளை தெரிந்தவை மறுபக்கம் போயின. வெள்ளைக் குவியல்தான் பெரிது. "தம்பி, இது நாக வார்ப்பு. பித்தளை விலைக்கு எடுக்கேலாது" என்றார். நாகம் என்றால் துத்தநாகம். கோபிக்க இடமில்லை. அந்த ஓர் இழுப்பை நான் என் கடை வாசலிலேயே இழுத்திருக்க வேண்டும்.

வன்னியில் பழைய இரும்பு யாவாரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பில் பிழை விட்டால் சில்லறைதான் போகும். ஈயத்திலும் பித்தளையிலும் விட்டால் முதலே போகும். இந்த இரண்டும் சாக்குக்குள் வரும்போது கூடவே மண், இரும்பு, நாகம், ரப்பர் எல்லாம் வரும். இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய ஒன்றும் வரக்கூடும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தராசில் ஏற்றக்கூடாதவை

சாக்கைக் கொட்ட விடாதீர்கள். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போர் முடிந்தது 2009 மே மாதம். அதன் பின்னர் மீள்குடியேறிய சனம் காணி துப்பரவாக்கும்போது கிடைத்ததையெல்லாம் விற்றுத்தான் முதல் அரிசி வாங்கியது. அதில் கை கால் போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. இன்றைக்கும் கிணறு வெட்டும்போதும், பழைய மண் அணையை வழிக்கும்போதும், பங்கர்க் கிடங்கை மூடும்போதும் சாமான்கள் வெளியே வருகின்றன. முகமாலைப் பக்கம் எத்தனை ஆண்டுகள் மிதிவெடி அகற்றினார்கள் என்று ஏ9 வீதியால் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளின் பிள்ளைகள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகச் செய்த வேலை அது.

பித்தளை தேடுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய கெட்ட செய்தி ஒன்று உண்டு. செல்லின் (எறிகணையின்) மூக்கில் இருக்கும் பியூஸ் பல வேளைகளில் பித்தளை நிறத்தில் இருக்கும். கழற்றத் தோன்றும். செல்லை வெடிக்க வைக்கும் பகுதியே அதுதான். பீரங்கிச் செல்லின் அடிப்பக்கமாகச் செப்பு வளையமும் இருக்கும், அதுவும் ஆசை காட்டும். துருப்பிடித்துக் கிடப்பதால் செத்துப்போனது என்று நினைக்க வேண்டாம். பழசாகப் பழசாகச் சில வெடிபொருட்கள் இன்னும் பதமிழந்து, தொட்டாலே வெடிக்கிற நிலைக்கு வரும்.

அப்படி ஒன்றை யாராவது கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது? பலர் செய்யும் பிழை, "இதை எடுத்துக்கொண்டு போ தம்பி" என்று திருப்பி அனுப்புவது. அனுப்பினால் அது வழியில் ஒரு பள்ளிக்கூடத்தடியிலோ அவர் வீட்டு அடுப்படியிலோ போய் நிற்கும். இருக்கிற இடத்திலேயே விடுங்கள், தொடாதீர்கள், ஆட்களைத் தூர விலக்குங்கள், பொலிசின் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். விசாரணைக்குப் பயந்து பலர் அழைப்பதில்லை. பயம் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அழையுங்கள்.

சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளின் கதை என்ன? "சும்மா கோதுதானே அண்ணை, வெடிச்சு முடிஞ்சதுதானே" என்பார்கள். நான் வாங்குவதில்லை. ஒரு காரணம், கைநிறைய அள்ளும் கோதுக்குள் வெடிக்காத ஒன்று கலந்திருந்தாலும், அது தெரிய வருவது உருக்குகிறவனின் உலையில்தான். இன்னொரு காரணம் சட்டம். வெடிபொருள், துப்பாக்கி தொடர்பான சட்டங்களின் கீழ் கேள்வி வந்தால் "இரும்பு என்று நினைத்தேன்" என்ற பதில் உங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று யோசியுங்கள். கணக்குப் பார்த்தாலும் இலாபமில்லை. இங்கே அதிகம் புழங்கிய ரி-56 துப்பாக்கியின் கோதுகள் பெரும்பாலும் இரும்பு. மேலே மெல்லிய செப்புப் பூச்சோ அரக்குப் பூச்சோதான். காந்தம் சட்டென்று ஒட்டும். இரும்பு விலைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

யூரியூப்பில் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் சுடுதளம் நடத்துகிறவர்கள் கோதுகளையும் மண் அணையில் புதைந்த ஈயத்தையும் கிலோக் கணக்கில் விற்கிறார்கள் என்று வீடியோ பார்த்துவிட்டுப் பொடியன்கள் கேட்கிறார்கள். உண்மைதான். அங்கே கோதை மீண்டும் நிரப்பிச் சுடுவது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. அதனால் ஒருமுறை மட்டும் சுட்ட நல்ல கோதுக்கு உலோக விலையைவிடக் கூடுதல் கிடைக்கும். இங்கே அப்படியொரு சந்தை கிடையாது. சுடுதளம் என்றால் பெரும்பாலும் படைக்கோ பொலிசுக்கோ உரியது. அங்கே விழுவது அரச பொருள். அரச பொருள் கழிவாக வெளியே வருவதென்றால் கேள்விப்பத்திரமோ ஏலமோ, அதற்குரிய கடிதமோ கையில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் சாக்கு மட்டும் வந்தால், அந்தச் சாக்கு உங்கள் கடைக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அந்தச் சரக்கை மதிக்கும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கோதுப் பித்தளை என்பது 70 வீதம் செப்பு, 30 வீதம் நாகம். பைப்புத் தலைப் பித்தளையில் செப்பு 60 வீதத்துக்குக் கிட்டத்தான் இருக்கும், கடைசலுக்கு இலகுவாகச் சிறிது ஈயமும் சேர்ப்பார்கள். ஆகவே இரண்டும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தாலும் ஒரே விலை இல்லை. 9 மில்லிமீற்றர்க் கோது ஒன்று ஏறக்குறைய 4 கிராம், கிலோவுக்கு 250 போகும். அதே அளவில் இரும்பிலும் அலுமினியத்திலும் கோதுகள் உண்டு என்பதால் அங்கேயும் முதல் வேலை காந்தம்தான்.

சன்னத்தின், அதாவது கோதிலிருந்து பாய்ந்துபோகும் குண்டின், ஈயமும் ஒரே மாதிரி இல்லை. சிறிய .22 ரவையின் சன்னம் பெரும்பாலும் மெதுவான ஈயம்தான். இராணுவச் சன்னத்துக்கு மேலே செப்பு உறை இருக்கும், சிலவற்றின் நடுவில் இரும்பும் இருக்கும். "ஈயம்" என்று ஒரு வாளியைத் தூக்கிக் காட்டுகிறவர் உண்மையில் நான்கு பொருட்களைக் காட்டுகிறார். மண் அணையை அரித்து எடுத்த சரக்கு என்றால் மண்ணோடு ஐந்து.

கையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு இல்லை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய நல்ல காந்தம் ஒன்று, அரம், பழைய வெட்டுக் குறடு, தொங்கு தராசு, தண்ணீர் வாளி, நூல்கயிறு, கொப்பி. மேசைத் தராசுக்கு அரச முத்திரை போடுவியுங்கள். முத்திரை இருந்தாலும் கிழமைக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள்: திறக்காத சீமெந்துப் பை 50 கிலோ, ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நிறையத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சனத்துக்கு முன்னால் இதைச் செய்து காட்டினால் நாளைக்கு அவர்களே தேடி வருவார்கள்.

ஈயம்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் ஈயம் பெரும்பாலும் வலையின் அடிக்கயிற்றில் கோத்தவை. உள்ளே உப்பும் மணலும் நைலோன் நூலும் இருக்கும். கராஜ்களிலிருந்து ரயருக்குச் சமநிலைக்காக அடிக்கும் கட்டிகள் வரும். இவற்றில் கவனம் வேண்டும். பழையவை ஈயம், இப்போது வருபவற்றில் பல இரும்பு அல்லது நாகம். இரும்பைக் காந்தம் காட்டிவிடும், நாகத்தைக் காட்டாது. வெட்டுக் குறட்டால் கடித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய் போல உள்வாங்கும். நாகம் பல்லை எதிர்க்கும். கீழே போட்டால் ஈயம் "தொப்" என்று விழும், நாகம் "கிணுங்" என்னும். ஒரு சாக்கு ஈயத்தில் நாலைந்து நாகக் கட்டி கலந்து உருகிவிட்டால் முழு வார்ப்பும் கெட்டுவிடும் என்பதால், உருக்குகிற ஆட்கள் நாகம் கண்ட சாக்கின் விலையை இரக்கமில்லாமல் குறைப்பார்கள்.

சுத்த ஈயத்தை நகத்தால் கீறலாம். கீறிய இடம் வெள்ளிபோல மின்னி, பிறகு மங்கும். கடதாசியில் தேய்த்தால் பென்சில்போலக் கோடு விழும். நகம் இறங்காமல் ஆணி மட்டும் இறங்கினால் அந்திமனி என்ற உலோகம் கலந்த கடின ஈயம். பற்றரித் தகட்டிலும் சன்னத்திலும் இப்படிக் கலப்பது வழக்கம். அதற்கும் விலை உண்டு, ஆனால் தனிச் சாக்கில் போடுங்கள்.

பற்றரியைப் பற்றி மட்டும் தனியே சொல்கிறேன். கார்ப் பற்றரியின் நிறையில் 60 வீதத்துக்குச் சற்று மேலே ஈயம். மீதி அமிலமும் பிளாஸ்ரிக்கும். அமிலத்தை ஊற்றிவிட்டு வரும் பற்றரிக்கும் ஊற்றாமல் வரும் பற்றரிக்கும் ஒரே கிலோ விலை பேசக்கூடாது. ஊற்றச் சொல்லவும் கூடாது, அந்த அமிலம் அவருடைய கிணற்றுக்குத்தான் போகும். உடைக்காமல், நிமிர்த்தி, அப்படியே வாங்கி அப்படியே கொடுங்கள். பற்றரியைச் சேர்த்து வைத்து யாவாரம் செய்வதென்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதுமென்று நினைக்க வேண்டாம்.

பித்தளை

ஒழுங்கு இதுதான்: காந்தம், அரம், கண். காந்தம் ஒட்டினால் பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு, அல்லது உள்ளே இரும்புக் கம்பி. சில குத்துவிளக்குகளின் தண்டுக்குள் மரையோடு இரும்புக் கம்பி இருக்கும், நடுவில் காந்தம் இழுத்தால் அதுதான். ஒட்டாவிட்டால் மறைவான ஓரிடத்தில் அரத்தால் ஆழமாக ஓர் இழுப்பு. மேல்பூச்சுக் கடந்து மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சிவந்த மஞ்சள் என்றால் வெண்கலமோ கன்மெட்டலோ. தண்ணீர் இறைக்கிற மிசின்களின் சில பாகங்கள், பழைய வால்வுகள் இப்படி இருக்கும். அவற்றைப் பித்தளையோடு போட்டுவிடாதீர்கள், விலை கூட. வெள்ளை தெரிந்தால் என்னுடைய அந்த உரப்பையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கழிவு. பைப்புத் தலையில் இரும்பு ஆணி, ரப்பர் வாசர், பிளாஸ்ரிக் பிடி, ஒட்டிய சீமெந்து எல்லாம் இருக்கும். கண் மதிப்பில் "ரெண்டு கிலோ கழிப்பம்" என்று சொன்னால் சண்டைதான் வரும். பத்துத் தலையைப் பொறுக்கி, நிறுத்து, கொண்டுவந்தவர் முன்னாலேயே கழற்றி, மீண்டும் நிறுங்கள். 5 கிலோ 4.2 ஆக வந்தால் நூற்றுக்கு 16 கழிவு. முழுச் சாக்குக்கும் அதையே போடுங்கள். மண்ணோடு வரும் ஈயத்துக்கும் இதே முறைதான்: சாக்கின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அள்ளி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு நிறுங்கள். அடியில் அள்ள மறக்க வேண்டாம். மண் இருக்கும் இடம் அதுதான்.

நீர் வழங்கல் சபையின் மீற்றர், தொலைபேசி வயர், புகையிரதப் பாதைச் சாமான், கோயில் மணி: இவை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பொதுச் சொத்து வழக்கில் பிணை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு சட்டத்தரணியைக் கேட்டுப் பாருங்கள். விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். எழுத மறுக்கிறவர் தானாகவே அடுத்த கடைக்குப் போய்விடுவார். பழைய வீட்டு விளக்கோ செம்போ கொண்டுவரும் வயதான அம்மாமாருக்கு, "அம்மா, இது கிலோ விலைக்குக் குடுக்கிற சாமான் இல்லை, பாத்திரக் கடையில கேட்டுப் பாருங்கோ" என்று நான் சொல்வதுண்டு. நட்டமென்று மனைவி ஏசுவாள். ஆனால் அந்த அம்மாமாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எனக்கு நல்ல சரக்குக் கொண்டு வருகிறார்கள்.

தண்ணீர் வாளிச் சோதனை

காந்தமும் அரமும் பேசாத இடத்தில் தண்ணீர் பேசும். பொருளை நூலில் கட்டித் தொங்கு தராசில் நிறுங்கள். பிறகு அப்படியே வாளித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்துங்கள், அடியிலோ சுவரிலோ முட்டக்கூடாது. நிறை குறையும். முதல் நிறையை, குறைந்த அளவால் வகுங்கள். ஒரு கட்டி வெளியே 2.27 கிலோ, தண்ணீருக்குள் 2.07 கிலோ என்றால் குறைந்தது 0.20. வகுத்தால் 11.35. அது ஈயம். 1.70 கிலோப் பொருள் 1.50 ஆனால் 8.5, பித்தளை. 1.34 கிலோப் பொருள் 1.14 ஆனால் 6.7, அதே நாக வார்ப்பு. இரும்பு 7.8க்குக் கிட்ட வரும், அலுமினியம் 2.7. உருக்கி வார்த்த பெரிய ஈயக் கட்டிக்கு 10க்குக் கீழே வந்தால் உள்ளே கல்லோ இரும்போ மறைந்திருக்கக்கூடும். கோடரியால் பிளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

காற்றுக்குமிழ் பிடிக்கும் குழாய் வடிவங்களில் இது பிழைக்கும், தண்ணீருக்குள் நன்றாக அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொருளுக்கு மலிவுத் தராசை நம்ப வேண்டாம். பித்தளையையும் வெண்கலத்தையும் இதால் பிரிக்க முடியாது, எண்கள் மிகக் கிட்ட. அங்கே கண்ணும் அனுபவமும்தான்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: 10 லீற்றர் வாளி நிறையச் சின்னச் சின்ன ஈயத் துண்டு என்றால் அறுபது எழுபது கிலோ வர வேண்டும். ஒருவர் ஒற்றைக் கையால் சிரித்துக்கொண்டு தூக்கி வந்தால் அது ஈயம் இல்லை.

விலை

லண்டன் உலோகச் சந்தையில் ஈயம், செப்பு, நாகம் மூன்றுக்கும் தொன் கணக்கில் டொலர் விலை ஒவ்வொரு வேலை நாளும் வரும். பித்தளைக்கு வராது, செப்பிலிருந்தும் நாகத்திலிருந்தும் நாமே கணக்கிட வேண்டும். டொலர் விலையை ஆயிரத்தால் வகுத்து ரூபாய் மாற்று வீதத்தால் பெருக்கினால் ஒரு கிலோவின் லண்டன் விலை. கணக்குக்காக ஈயம் தொன் 2,000 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் கிலோ 600 ரூபாய். அது சுத்தம் செய்த ஈயத்தின் மொத்த விலை. பழைய ஈயத்துக்கு யாரும் அதைத் தரமாட்டார்கள். ஆனாலும் அந்த எண் மனதில் இருந்தால் தொலைபேசியில் சொல்லும் விலை நியாயமா என்று தெரியும். டொலரை மறந்துவிட வேண்டாம். 2022இல் சில கிழமைகளுக்குள் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, பழைய விலையிலேயே விற்று முடித்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வாங்கும் விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். வவுனியாவிலும் கொழும்பிலும் இரண்டு பேரிடம் காலையில் விலை கேளுங்கள், குறைந்ததை எடுங்கள். வாகனக் கூலி, கழிவில் வரும் பிழை, சரக்குத் தேங்கும் நாட்கள், உங்கள் கூலி என்று கழியுங்கள். விற்கும் விலை 100 என்றால் நான் 80க்கு மேல் போவதில்லை, கலப்புச் சாக்கு என்றால் 65. இது என் கணக்கு. முறிகண்டியில் இருப்பவருக்கு வாகனக் கூலி குறைவு, புதுக்குடியிருப்பின் உட்பக்கத்தில் இருப்பவருக்குக் கூட.

உடம்பு

ஈயம் நஞ்சு. இவ்வளவு உடலில் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு மோசம், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயம் தொட்ட கையால் வெற்றிலை மடிக்க வேண்டாம், பீடி பற்ற வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு தோய்க்க வேண்டாம். கரையோரத்தில் சிலர் வலைக்கு ஈயம் வார்க்க அடுப்படியிலேயே உருக்குகிறார்கள், பிறகு அதே சட்டியில் கறி. 327 பாகை வெப்பத்தில் உருகிவிடும் என்பதால் விறகடுப்பே போதும், அதுதான் ஆபத்து. புகையும் தூசும் போதாதென்று, உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் முகத்தில் தெறிக்கும். உருக்கிக் கட்டியாக்கினால் விலை கூடுமென்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். விலை கூடுவதில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாததால் உண்மையில் குறையும்.

கடைசியாக, வாகனத்தில் ஏற்றுவது. உரப்பையில் ஈயம் அரைச் சாண் உயரம் வந்தாலே 50 கிலோவைத் தாண்டிவிடும். அதோடு கட்டிவிடுங்கள். முழுப் பையாக நிரப்பிவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கும்போது அடி கிழிந்து எல்லாம் ஏ9 வீதியில் கொட்டி, பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்கப் பொறுக்கிய அனுபவமும் எனக்கு உண்டு.